ராட்னி பேரை அடித்த பக்கம்

— பேனாவைக் குடு ஆர்டிஸ். என் மகன் பேரை நானே எழுதிடறேன்.

— பொறு லவோன். இந்தச் சபைக்கு நான் செயலாளர். அடிச்ச பேரைத் திரும்ப எழுதணும்னா சபை கூடி ஓட்டுப் போடணும்.

— இனி எங்கடி கூடறது? நேத்துதான் கடைசி ஆராதனை, பதினோரு பேர். நாளைக்குக் கோயிலைப் பூட்டிட்டு, இந்த உறுப்பினர் புத்தகத்தை லிங்கன் நகரத்துத் தலைமை ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில போடப் போறாங்க. அங்கேயும் என் பிள்ளை அடிபட்டே கிடக்கணுமா?

— முதல் பக்கத்தைப் பாரு. மண்கட்டி வீட்டுல ஜெபம் பண்ணி ஆரம்பிச்ச ஒன்பது குடும்பம். வெட்டுக்கிளி பயிரெல்லாம் தின்ன வருஷத்துலகூட ஆள் சேர்ந்திருக்கு. நூத்திப்பதிமூணு வருஷம், லவோன்!

— அதுல சிவப்பு மையில அடிச்ச பேரு ராட்னி பேரு ஒண்ணுதான்.

— சாராயக்கடை வெச்சான்னுதானே அடிச்சாங்க?

— சாராயம் இல்ல, பீர். நெடுஞ்சாலை ஓரமா நாலு மேசை. கொரியாச் சண்டையிலிருந்து வந்தவனுக்கு இந்த ஊர்ல யாரு வேலை குடுத்தா?

— பேரை அடிக்க நம்மாளுங்களுக்கு பீரே போதுமே. நற்கருணைக்கே ஒயின் ஆகாதுன்னு திராட்சைச் சாறு குடிக்கிற கூட்டம்!

— அடுத்த வருஷமே லாரியில அடிபட்டுப் போயிட்டான். உறுப்பினர் இல்லைன்னு நம்ம போதகர் அடக்கம் பண்ண மாட்டேன்னுட்டார். வேற சபை, லுத்தரன்காரங்க கோயில்லதான் அடக்க ஆராதனை வெச்சோம். அவங்க பாட்டு ஒண்ணும் எனக்குத் தெரியல. பெத்த பிள்ளை பெட்டிக்குப் பக்கத்துல ஊமை மாதிரி நின்னேன்.

— அழாதடி. விதியாவது ஒண்ணாவது. இந்தா பேனா, எழுது.

— வேண்டாம், நீயே எழுதிடு. செயலாளர் எழுதினதாவே இருக்கட்டும்.

— ராட்னி... ஆச்சு. கீழே நானே கையெழுத்தும் போட்டுட்டேன். இங்க பாரேன், பேரை அடிச்ச கூட்டத்தோட குறிப்பு. “உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, அனைவரும் கை உயர்த்தினர்.” யாருன்னு பேரைக்கூடப் போடல, பாவிங்க. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததே அதுக்கு நாலு வருஷம் கழிச்சு. அன்னைக்கு மட்டும் நான் இருந்திருந்தா, பெத்தவ முன்வரிசையில உக்காந்திருக்கும்போது உனக்கு எப்படிய்யா வாய் வந்துச்சுன்னு அந்த ஆளை நேராவே கேட்டிருப்பேன்.

— இப்பக் கேளு ஆர்டிஸ். முன்மொழிஞ்சது நான்தான்.