கொக்கி போடத் தெரியாத பரம்பரை

— அந்த ரெண்டாவது பத்திய மட்டும் எடுத்துடு, நாரிஸ். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— அதுதான் பேச்சுக்கே உயிரு, பெரில். அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, வந்தவங்களுக்கு வணக்கமும் பீர் ஊத்துனவனுக்கு நன்றியுமா? இன்னொரு வாட்டி படிக்கிறேன், கேளு. “அடுத்தவர் வயலில் மேயும் ஆடு மாடுகளைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கும் காவல்காரனுக்குப் பிண்டர் என்று பெயர். செய்த வேலையே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்ட காலம் அது. மாவு அரைத்தவன் மில்லர் ஆனான், ரொட்டி சுட்டவன் பேக்கர் ஆனான், பட்டி காத்த என் முப்பாட்டன் பிண்டர் ஆனான். அறுநூறு வருடம் கழித்து அந்தப் பட்டியின் சாவி...”

— தெரியும், தெரியும். குளிக்கும்போதும் இதான், கோழிக்குத் தீனி போடும்போதும் இதான். கோழிக்கே மனப்பாடம் ஆயிருக்கும்.

— அப்புறம் ஏன் எடுக்கச் சொல்ற?

— டீ ஆறுது. குடி முதல்ல.

— நீ டீயக் குடிங்கிறப்பல்லாம் பின்னாடி ஏதோ வருது. உங்க அக்கா நம்ம வீட்ல ஒரு மாசம் தங்க வந்தப்பவும் இதான் சொன்ன.

— சரி, உக்காரு. ஊர்க் கோர்ட்டு ஜூரி கூடி உன்னப் பிண்டராக்கிச் சாவி குடுக்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. வியாழக்கிழமையானா நான் நாட்டிங்ஹாம் ஆவணக் காப்பகத்துக்குப் போயி, தோல்ல எழுதுன பழைய கோர்ட்டுச் சுருளெல்லாம் படிச்சு எழுதிக் குடுக்குறேன்ல?

— ஆமா, லத்தீன் கத்துக்கிட்ட மகராசி.

— நம்ம ஊர்க் கோர்ட்டுச் சுருளு ஒண்ணு கையில சிக்குச்சு. அதுல உன் முப்பாட்டன் இருக்கான். பேரு ஹியூ. பிண்டர்ங்கிற பேரு முதமுதல்ல ஒட்டுனது அவன் மேலதான்.

— நெசமாவா? எப்ப பார்த்த?

— போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால.

— ஒன்றரை வருஷமா வாயப் பூட்டி வச்சிருந்தியா?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்தப் பேர நெஞ்சில தூக்கி வச்சிட்டுத் திரியிற மனுஷன் நீ. நாரிஸ், ஹியூ பட்டி காத்தவன் இல்ல. பட்டியில அடைபட்ட பன்னிக்குச் சொந்தக்காரன்.

— என்ன சொல்ற?

— ஒரே வருஷத்துல அவன் பன்னி பட்டிக்குப் பக்கத்து வயல்ல மேஞ்சு பதினோரு தடவ அடைபட்டிருக்கு. பதினோரு தடவையும் அபராதம். கோர்ட்டு குமாஸ்தா கடுப்பாகி, ‘பிண்டரைவிட அதிகமாப் பட்டி வாசல்ல நிக்கிற ஹியூ’ன்னு எழுதி வச்சிருக்கான். அப்புறம் ஊரே அவனப் பிண்டர்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. கேலிக்கு வச்ச பேரு அது.

— ஜூரித் தலைவர் கிளைவுக்குத் தெரியுமா இது?

— கிளைவுக்குத் தெரியாம இருக்குமா? நகல் வாங்கிட்டுப் போயிருக்காரு. நீ பேசி முடிச்சதும் எழுந்திரிச்சுப் படிக்கப் போறாரு. நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு கேலி கிடைச்சா அவருக்குச் சாப்பாடு தண்ணி வேண்டாம்.

— அப்ப நான் போகல. சாவிய வேற யாருக்காவது குடுக்கட்டும்.

— முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்துட்டா? அந்தப் பட்டியில கடைசியா அடைபட்டது ஒரு ஆடும், குடிச்சிட்டு வந்த தபால்காரனும்தான். அதுக்கா இவ்வளவு ரோஷம்?

— நா காத்திருந்தது பட்டிக்காக இல்ல. உங்க அப்பா சொல்லுக்காக. இருபது வருஷம் இந்த ஊருக்குப் பிண்டரா இருந்தவரு. ‘தன் வீட்டுக் கேட்டுக்குக் கொக்கி போடத் தெரியாதவன்கிட்ட ஊர்ப் பட்டிச் சாவியக் குடுக்காதீங்க’ன்னு ஜூரிகிட்டச் சொன்னாரு. அவரு போயிச் சேர்ந்தும் அந்த வார்த்த போகல. இன்னிக்குத்தான் பெரிய மனசு பண்ணிக் கூப்பிட்டிருக்காங்க. இப்ப ஏடும் சேர்ந்து சொல்லப்போகுது, அறுநூறு வருஷமாவே இவனுங்க கொக்கி போடத் தெரியாத பரம்பரைன்னு.

— அப்பா சொன்னதுல என்ன தப்பு? உன் மட்டக்குதிரை பிராம்பிள் ஒரே கோடையில ஒன்பது தடவ எங்க பட்டிக்கு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் தொப்பியக் கையில சுருட்டிக்கிட்டு வந்து நிப்ப. அப்பா வாய்க்கு வந்தபடி திட்டுவாரு, நீ பூட்ஸப் பார்த்துக்கிட்டே கேட்டுக்குவ. பாவமேன்னுதான் டீ போட்டுக் குடுத்தேன்.

— ரெண்டு கரண்டி சக்கரை. நான் ஒரு கரண்டிக்காரன். சொல்லிக்கல.

— இன்னமும் சொல்லிக்கல, அப்படியே குடிக்கிற. இந்தாபாரு, அந்த டீயில ஆரம்பிச்சதுதான் இந்தக் குடும்பம். உன் மறதிய நான் குத்தமாச் சொன்னதே கிடையாது. சொல்லியிருக்கேன், பிரியமாத்தான் சொல்லியிருக்கேன். ஊர் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும், நான் பக்கத்துல இருக்கேன். சட்டைய இஸ்திரி போட்டு மாட்டியிருக்கேன், கிளம்பு.

— அந்த ஹியூ கதை அத்தோட முடிஞ்சிருச்சா?

— இன்னும் ஒரு வரி இருக்கு. அடுத்த வசந்தத்துல, பட்டி காத்த ராபர்ட்டோட மக ஆலிஸைக் கட்டிக்க உத்தரவு வாங்கியிருக்கான். அவளும் என்ன மாதிரி எளகின மனசுக்காரி போல. பாவப்பட்டுட்டா.

— இரு, இரு. ஹியூ வீடு எங்க இருந்துச்சாம்?

— மில்லுக்குப் பக்கத்துல.

— மில்லு ஊருக்கு மேற்கால. பட்டி கிழக்குக் கோடியில. நா என்ன சொல்றேன்னா, ஒரு பன்னி பதினோரு தடவையும் ஊர முழுசாத் தாண்டி, வழியில ஒரு தோட்டத்துலயும் வாய் வைக்காம, பட்டிக்குப் பக்கத்து வயல்லதான் போயி மேயுமா?

— பன்னிக்கு என்ன தெரியும்.

— ஒண்ணும் தெரியாது. பட்டி காத்த ராபர்ட் வீடு எங்க?

— எப்பவும் இருக்கிற எடம்தான். பட்டிச் சுவரை ஒட்டின வீடு, நான் பொறந்த வீடு. ஏன் சிரிக்கிற? இப்பத்தான மூஞ்சியத் தொங்கப் போட்டிருந்த?

— கோட்ட எடு, போவோம். கிளைவ் தாராளமாப் படிக்கட்டும். ரெண்டாவது பத்திய நான் அங்க மாத்திச் சொல்லிக்கிறேன்.

— என்னன்னு சொல்லுவ? கொக்கி போட மறந்த பரம்பரைன்னா?

— பெரில், உன் டீயும் ஆறுது. குடி முதல்ல.

— ஏன், இப்ப என்ன வருது?

— பிராம்பிளோட கேட்டுக்கு நான் கொக்கி போடாம விட்டது ஒருநாளும் மறதியில இல்ல.