சுவர் வழியா வந்த மேடம்

சாயந்தரம் ஆறரை தாண்டியிருக்கும். நெம்மேலிகிட்ட ஈசிஆர்லேர்ந்து மேற்கால, கால்வா பக்கம் ஒரு தார் ரோடு இறங்குது பாரு… அந்த ரோடு. ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. ஆள் நடமாட்டம் கிடையாது. காத்து அடிச்சா சவுக்கு 'உஸ்ஸ்…'னு சத்தம் போடும். அது நின்னா, கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற பிளான்ட்டுலேர்ந்து 'ம்ம்ம்…'னு ஒரு முனகல். அவ்ளோதான்.

அந்த ரோட்டுல ஜெபசிங் பைக்ல போயிகினு இருந்தான். யாரு ஜெபசிங்? நம்ம மோசஸ் இருக்கான்ல, அவன் தங்கச்சி ஹெலனைக் கட்டினவன். நம்மள மாதிரியே வீட்டு புரோக்கர். மோசஸ் இதை என்கிட்ட சொல்லும்போது அழுதான். அதனால நடுவுல யாரும் சிரிக்காதீங்க. கரண்ட் வர்ற வரைக்கும் சொல்றேன். அந்த டார்ச்ச கீழ திருப்பு, மூஞ்சில அடிக்குது.

ரோட்டு முடிவுல ஒரு லேஅவுட். அதுல கடைசி வீடு. கோபாலகிருஷ்ணன்னு ஒருத்தர் கட்டினது. அணுபுரத்துல கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்லயே காலத்த ஓட்டிட்டு, ரிட்டையர் ஆனதும் பொண்டாட்டி லதாவுக்காகக் கட்டினாரு. அந்தம்மாவுக்குத் தோட்டம்னா உசிரு. குவார்ட்டர்ஸ்ல தொட்டியிலயே செடி வெச்சு வெச்சு ஏங்கிப் போனவங்க. இங்க வந்து புல்தரை என்ன, செம்பருத்தி என்ன, பவழமல்லி என்ன… ஒருநாள் செடிக்குத் தண்ணி விட்டுகினு இருக்கும்போதே சுருண்டு விழுந்தாங்க. அங்கயே முடிஞ்சுது.

காரியம் முடிஞ்ச கையோட அந்தாளு ஜெபசிங்கைக் கூப்பிட்டாரு.

"வித்துடுப்பா. நான் பெங்களூர்ல பையன்கிட்ட போறேன். யாராவது கேட்டா அவ ஆஸ்பத்திரில செத்துப் போனான்னு சொல்லு… வேணாம், ஒண்ணுமே சொல்லாத."

சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. லதாம்மா மூஞ்சி எப்படியிருக்கும்னுகூட ஜெபசிங்குக்குத் தெரியாது. போட்டோவையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஜெபசிங்குக்கு அந்த வீடு வித்தே ஆகணும். அவன் அப்பன், பாட்டன் எல்லாம் ஊரான் நெலத்துல கூலிக்கு நின்னவங்க. சொந்தமா ஒரு பிடி மண்ணு கிடையாது. இவன்தான் பூஞ்சேரி பக்கம் ஒரு மனை வாங்கி, சுவரு எழுப்பி, தளம் போட வழியில்லாம வெச்சிருந்தான். வானத்த பாத்துகினு நிக்குது வீடு. ஹெலன் வாடகை வீட்ல உக்காந்துகினு தினம் கேக்கும்.

"ஊர்ல கீற வூட்டயெல்லாம் வித்துக் குடுக்குற. நம்ம வூட்டுக்கு எப்போய்யா தளம் போடுவ?"

"இந்த ஒரு வூடு முடியட்டும் ஹெலன். அடுத்த வேலை அதான்."

ஆனா வீடு போணியாகல. ஏன்? தோட்டம். நமக்குத் தெரியாததா… பாத்ரூம் ஒழுகினாக்கூட மன்னிச்சுடுவான், வாசல்ல புல்லு காஞ்சிருந்தா பார்ட்டி கேட்டோடயே காரைத் திருப்பிடுவான். அந்தம்மா போனப்புறம் பாத்துக்க ஆளில்ல. போர் தண்ணி உப்பு. கிளம்புறதுக்கு முன்னால அந்தாளு அதைவிட்டே புல்லையெல்லாம் கருக்கி வெச்சிருந்தாரு. ஜெபசிங் என்ன பண்ணான், ஒரு குட்டி யானை வண்டி நிறைய செம்மண்ணு, தொழு உரம், புதுப் புல்லு எல்லாம் கொண்டாந்துட்டான். முன்வாசல்ல பளபளன்னு டைல்ஸு. அதுமேல மண்ணு கொட்டினா வீணாப் போயிடும். பக்கவாட்டு காம்பவுண்டு சுவத்தைப் பாத்தான். ஒரு இடத்துல மட்டும் பூச்சு புதுசா, வேற நிறத்துல இருந்துச்சு. தட்டினான்… டொக்கு டொக்குனு லேசான சத்தம். ஒத்தக் கல்லு வெச்சு அவசரத்துல அடைச்ச மாதிரி.

'இதான் சுலபமா வரும்'னு ஆளை வெச்சு இடிச்சுட்டான். அந்த சந்து வழியா கூடை கூடையா மண்ணு உள்ள போச்சு. வீடு வித்தப்புறம் அடைச்சுக்கலாம்னு அப்படியே விட்டுட்டான்.

பாவி… அந்த சுவரை மட்டும் அவன் தொட்டிருக்கக் கூடாது.

மொதல்ல சொன்னேனே, அந்த சாயந்தரம் பைக்ல வந்து எறங்கி, ட்யூபைப் பிடிச்சுப் புல்லுக்குத் தண்ணி விட்டுகினு இருக்கான். வெளிச்சம் மங்கிப் போச்சு. திடீர்னு மஞ்சள் வாசனை. கூடவே மல்லிப்பூ, பன்னீர்… கல்யாண வீட்ல வருமே, அப்படி. சரக்… சரக்…னு பட்டுப்புடவை உரசுற சத்தம்.

திரும்பிப் பாத்தான்.

சுவத்து சந்துல ஒரு மேடம் நிக்கிறாங்க.

புதுப் பட்டு, மடிப்புகூட கலையல. நெத்தி நிறையக் குங்குமம். தலை நிறையப் பூ. ஜெபசிங்குக்குப் பயமா வந்துச்சுன்னு நினைக்கிறீங்களா? அதான் இல்ல. சந்தோஷம் வந்துச்சு! விசேஷத்துக்குப் போயிட்டு வர்ற வழியில யாரோ பெரிய இடத்துப் பார்ட்டி வீடு பாக்க எறங்கியிருக்குன்னு நினைச்சான். நம்ம புத்தி அப்படி. எமனே வந்தாலும் எத்தனை பெட்ரூம் வேணும்னு கேப்போம்.

"வாங்க மேடம், வாங்க! ஏன் அங்கயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. உங்க வூடு மாதிரி நினைச்சுக்குங்க" அப்படின்னான்.

அவங்க வந்தாங்க. மெதுவா… ரொம்பக் கிட்டக் கிட்ட அடியெடுத்து வெச்சு. புல்லைக் குனிஞ்சு பாத்தாங்க.

"இவ்ளோ ஒட்டவா வெட்டுவீங்க? வெயில் நேரா வேர்ல இறங்கும். போர் தண்ணி விடாதீங்க, கருகிடும்."

'அடேங்கப்பா, வெவரமான பார்ட்டி'னு இவனுக்குக் குஷி. கதவைத் திறந்து வீட்டைச் சுத்திக் காட்டினான். ஹாலு, பூஜை ரூம்பு, சமையல்கட்டு. அவங்க அலமாரிய விரலால தடவிப் பாத்துகினே வந்தாங்க. இவன் லைட்டைப் போடக் கை நீட்டினான்.

"அது வேணாம். அந்த ஸ்விட்ச் ஷாக் அடிக்கும்."

கைய இழுத்துக்கிட்டான். அப்பவாவது மண்டையில உறைச்சிருக்கணும். உறைக்கல.

"விக்கிறவங்க ஏன் விக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க.

ஆரம்பிச்சான் நம்மாளு. நம்ம வாய்க்கு வாஸ்து பாத்தா ஒருத்தனும் தேறமாட்டோம், தெரியும்ல.

"பையன் வரச் சொல்லிட்டாரு மேடம். அய்யாவும் அம்மாவும் ஜோடியா, சந்தோஷமா கிளம்பிப் போயிட்டாங்க."

"ரெண்டு பேருமா?"

"ஆமா மேடம்."

"அந்தம்மாவுக்கு இந்த வீடு வேணாமாமா?"

"வேணாம்னுதான் வித்துடச் சொன்னாங்க. அம்மாவே சொன்னாங்க மேடம்."

அவங்க ஜன்னல்கிட்ட போனாங்க. வெளிய தோட்டத்தையே பாத்துகினு நின்னாங்க. அப்புறம் மெல்லக் கேட்டாங்க.

"இங்க யாராவது செத்தாங்களா?"

எல்லாப் பார்ட்டியும் கேக்குற கேள்விதான். இவன் வாயில பதில் ரெடியா இருக்கு.

"ஐயய்யோ! சாவே வுழாத வூடு மேடம். நானே பூஞ்சேரில வூடு கட்டிகினு கீறேன். அந்த என் வூட்டு மேல சத்தியமா சொல்றேன்!"

மேடம் திரும்பி அவனைப் பாத்தாங்க. கோபமில்ல, ஒண்ணுமில்ல.

"பூஞ்சேரில எங்க?"

இவன் வழியச் சொன்னான்! சர்ச்சுத் தெரு, தண்ணி டேங்குக்கு எதிர்ல, தளம் போடாத வீடு, ஹெலன்னு கேட்டா யாரும் காட்டுவாங்கன்னு… பொண்டாட்டி பேரு முதக்கொண்டு சொல்லிட்டான்.

"சரி"ன்னுட்டு அவங்க வந்த வழியே போனாங்க. கேட்டு வழியா இல்ல… சுவத்து சந்து வழியா. வழிவிட்டு ஒதுங்கும்போதுதான் இவன் அவங்க காலைக் கவனிச்சான். அந்தக் கட்டை விரல்ல ஒரு வெள்ளைத் துணிக் கயிறு. அவிழ்ந்து, ஈரப் புல்லு மேல இழுத்துகினே போச்சு.

பொணத்துக்குத்தான கால் கட்டை விரலைக் கட்டுவாங்க?

ட்யூபைக் கீழ போட்டவன், எப்படி பைக்க எடுத்தான்னு அவனுக்கே தெரியாது.

மறுநாள் காலையில கோபாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டான். ஒரு மேடம் வந்தாங்க சார், இப்படி இப்படின்னு சொன்னான்.  அந்தாளு கேட்டது ஒரே கேள்வி.

"எந்தப் பக்கமா வந்தா?"

"சைடு சுவத்துல ஒரு சந்து உட்டுகினு கீறேன் சார், அது வழியா…"

"அதை யாருடா ஒடைக்கச் சொன்னா!"

கத்திட்டு, அப்புறம் அழுதுகினே சொன்னாரு. லதாம்மா போன நட்சத்திரம் ஆகாத நட்சத்திரம். அடைப்புன்னு சொல்லுவாங்க. அப்படிப் போனவங்கள வாசல் வழியா எடுக்க மாட்டாங்க. சுவத்தை ஒடைச்சு, அது வழியா எடுத்துட்டு, உடனே அடைச்சுடுவாங்க. திரும்பி வந்தா வழி தெரியக் கூடாதுன்னு. அதோட வீட்டை ஆறு மாசம் பூட்டி வெச்சு, தினம் ஒரு விளக்கேத்தணும். இந்தாளு விளக்கும் ஏத்தல, காத்திருக்கவும் இல்ல. விலை எறங்கிடும்னு வித்துடச் சொல்லிட்டாரு. ஜெபசிங்குக்கு இந்த சாங்கியமெல்லாம் தெரியாது, அவன் கோயிலு வேற. தெரிஞ்சவரு சொல்லல.

"உடனே அடைச்சுடுப்பா. அவ உள்ள இல்லல்ல? வெளியதான போனா? அடைச்சுடு."

அன்னிக்கு மத்தியானமே ஜெபசிங் கல்லும் சிமெண்டும் கொண்டாந்து தானே வெச்சு அடைச்சான். ஜெபம் பண்ணிகினே அடைச்சான். கடைசிக் கல்லு வைக்கும்போது வெளிப்பக்கத்துலேர்ந்து மஞ்சள் வாசனை. மூச்சைப் பிடிச்சுகினு கல்லைத் தள்ளினான். ஒரு சத்தமும் வரல.

அப்பாடான்னு இருந்துச்சு அவனுக்கு. எனக்கு இதைக் கேட்டப்ப வயிறு எரிஞ்சுது. பெத்த பையன் ஒரு விளக்கேத்த வரல. கட்டினவன் வித்துட்டான். மிச்சமிருந்த ஒரு வழிய இவன் அடைச்சான். அந்தம்மா எங்கதான் போவாங்க, சொல்லு?

புல்லு பச்சை பிடிச்சுது. ஹேமந்த், வைஷாலின்னு ஐடில வேலை பாக்குற சின்ன ஜோடி வந்து பாத்துச்சு. அவங்களும் அதே கேள்வி கேட்டாங்க, இவனும் அதே பதிலைச் சொன்னான். ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்ல ஒரு தொந்தரவு கிடையாது. நல்லாத்தான் இருக்காங்க.

பூஞ்சேரில தளம் போட்டாச்சு. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, எல்லாருக்கும் பிரியாணி போட்டுக் குடி போனாங்க. ஹெலனுக்குக் கால் தரையில நிக்கல. 'நம்ம வூடு, நம்ம வூடு'ன்னு சுவத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சாம்.

அந்த வாரமே ஒரு சாயந்தரம் ஜெபசிங் வீட்டுக்கு வந்தப்ப ஹெலன் சொல்லுச்சு.

"யாரோ ஒரு மேடம் வந்துச்சுய்யா. உன்ன தெரியும்னு சொல்லுச்சு. பாவம், வூடு இல்லையாம். அழுதுகினு நின்னாங்க. உள்ள வாங்கன்னு கூப்ட்டு உக்கார வெச்சேன்."

"எப்போ… எப்போ போனாங்க?"

ஹெலன் யோசிச்சுது. "போனாங்களா… தெர்லயே."

அதுக்கப்புறம் ஹெலன் கொஞ்சம் கொஞ்சமா மாறிடுச்சு. மொதல்ல மண்வெட்டி வாங்கியாரச் சொல்லுச்சு. வீட்டு முன்னால வெறும் கடல் மண்ணு. அதுல புல்லு வெச்சுது. ஒரு மழை இல்ல, ஆனா பச்சைப் பசேல்னு வளந்துச்சு. அப்புறம் பேச்சு மாறுச்சு. 'வூடு'ன்னு சொன்ன வாய் 'வீடு'ன்னு சொல்லுச்சு. ஒருநாள் மூஞ்சி நிறைய மஞ்சள் பூசிகினு நின்னுச்சு. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணாரு. மரியாதையா காபி குடுத்து, "உங்க சர்ச் காம்பவுண்டுல செம்பருத்தி வைங்க சார், நல்லா வரும்"னு சொல்லி அனுப்புச்சு. மோசஸ் போனான். கூடப் பொறந்தவனைப் பாத்து, "நீங்க யாரு?"ன்னு கேட்டுச்சு.

ஜெபசிங் கோபாலகிருஷ்ணனுக்குப் போன் போட்டான். ஒருவாட்டி வந்து பேசுங்க சார், நீங்க கூப்பிட்டா வந்துடுவாங்க சார்னு கெஞ்சினான். அந்தாளு நம்பரை பிளாக் பண்ணிட்டாரு.

அதுக்கப்புறம் ஒருநாள் இவன் வேலைக்குப் போயிட்டு சாயந்தரமா வந்தா, கேட்டு உள்பக்கம் தாப்பாப் போட்டிருக்கு. ஹெலன் புல்லுக்குத் தண்ணி விட்டுகினு நிக்குது. பட்டுப்புடவை. தலை நிறையப் பூ.

"ஹெலன்… நான்தான். கதவத் தொற."

அது ட்யூபைக் கீழ வெச்சுட்டு மெதுவா கேட்டுகிட்ட வந்துச்சு. இவனை மேலயும் கீழயும் பாத்துச்சு.

"புரோக்கரா? இந்த வீடு விக்கிறதுக்கு இல்லைங்க."

"ஹெலன்… நம்ம வூடும்மா இது…"

"எங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கார். கோபாலகிருஷ்ணன்னு பேரு. வந்ததும் வேணா கேட்டுப் பாருங்க…"

சொல்லிட்டு லேசா சிரிச்சுதாம்.

"ஆனா, அவர் விக்க மாட்டார். எனக்காகக் கட்டினது."