தேருக்காகக் கழற்றிய நீல வயர்

திகதி: 2008.02.23, சனிக்கிழமை. நேரம்: முற்பகல் 9.40.
பெயர்: முத்தையா வேலம்மா. வயது: 51. தொழில்: வீட்டில் தையல்.
முகவரி: இல. 27/3, பழைய சந்தை வீதி, மாத்தளை.
தமிழில் பதிவு செய்தவர்: சார்ஜன்ட் பலீல்.

நான் மேற்படி முகவரியில் பதினெட்டு வருடங்களாகக் குடியிருக்கிறேன். பிறந்தது றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில். கணவர் உயிருடன் இல்லை. எனக்குச் சிங்களம் பேச நன்றாக வரும், வாசிக்க வராது. நேற்று மாலை இந்தப் பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத கடதாசியில் என் கையெழுத்து இருக்காது என்று சொன்னேன். அதனால் இன்று காலை சார்ஜன்ட் பலீலை வரவழைத்திருக்கிறார்கள்.

என் ஒரே மகள் சந்திரகாந்தா, வயது 26. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. அவளுடைய கணவர் சுந்தரலிங்கமும் அப்படியே. இருவரும் காது கேளாதோர் பாடசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். மருமகன் சென்ற ஐப்பசியிலிருந்து கட்டாரில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மற்றப் பெண்கள் வெளிநாட்டிலிருக்கும் புருஷனோடு டெலிபோனில் பேசுவார்கள். இவளுக்கு டெலிபோன் வெறும் பிளாஸ்டிக். கொம்பியூட்டரில் கமரா வைத்து, ஒருவர் கையை மற்றவர் பார்த்துத்தான் இவர்கள் பேச முடியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணி அவர்களுடைய நேரம். கடிதம் எழுதலாமே என்று பொறுப்பதிகாரி கேட்டார். ஐயா வீட்டில் உங்கள் மனைவியோடு கடிதம் எழுதியா பேசுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதை எழுத வேண்டாம் என்றார். எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதப்பட்டுள்ளது.

எங்கள் வீட்டு இன்டர்நெட் டெலிபோன் லைனில் வருவது. மழை இருட்டினாலே அது போய்விடும். சென்ற கார்த்திகையில் பதினாறு நாட்கள் இல்லாமல் இருந்தது. ஐந்து தடவை நேரில் போய் முறைப்பாடு செய்தேன். ஐந்து தடவையும் நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை மகள் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, ஒன்றும் தெரியாத திரைக்கு முன்னால் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தாள்.

அதன் பின்னர் நான் எதிர்வீட்டு மஹ்ரூபிடமும் அவர் மனைவி ஸக்கியாவிடமும் போய்ப் பேசினேன். ஸக்கியாவின் உடுப்பெல்லாம் நான் தைப்பது. அவர்களுக்கு வேறு கம்பெனி இன்டர்நெட். கூரை அன்டெனாவில் வருவதால், எங்கள் லைன் விழுந்தாலும் அவர்களுடையது நிற்கும். எங்களது போனால் அவர்களுடையதை நாங்கள் எடுப்பது, அவர்களுடையது போனால் எங்களுடையதை அவர்கள் எடுப்பது என்று பேசி முடித்தோம். அதன் பின்னர் இரண்டு கூரையிலும் இரும்புக் குழாய் நட்டு, பஸ் முட்டாத உயரத்தில், வீதிக்குக் குறுக்கே நீல நிற வயர் ஒன்றைக் கட்டினோம். ஒளித்துச் செய்த வேலை அல்ல. இந்த நிலையத்து ஜீப்பும் மூன்று மாதமாக அதற்குக் கீழால்தான் போய் வருகிறது.

மாசிமகத் தேர் எங்கள் வீதியால் போகும். தேருக்கு முன்னால் மின்சார வயர்களை அதற்குரிய ஆட்கள் கழற்றுவார்கள். மற்ற வயர்களைக் கோயில் ஆட்கள் மூங்கில் கழியால் தூக்கிப் பிடிப்பார்கள். ஆனால் சொந்தமாகக் கட்டிய வயரைச் சொந்தக்காரரே அவிழ்ப்பதுதான் எங்கள் வீதியின் வழக்கம். அம்மன் வரும் பாதையில் என் பொருள் தொங்க, அதை வேறொருவர் தூக்கிப் பிடித்து நிற்பது மரியாதை இல்லை. ஆகவே கடந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நானே ஏணி வைத்துக் கூரையில் ஏறி வயரைக் கழற்றிச் சுற்றி வைத்தேன். அப்போது தேர்ப் பாதுகாப்புக்காக வீதி நெடுக ஆமி நின்றது. தேர் போன பின்னர், மூன்று மணியளவில், மறுபடி ஏறிக் கட்டினேன். இதைப் பார்த்த யாரோ, இது இயக்கத்துக்குச் சேதி கடத்தும் வயர் என்று தகவல் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று கேட்டேன், சொல்லவில்லை. குற்றமில்லாத வயர் என்றால் ஆமியைக் கண்டதும் ஏன் கழற்றினாய் என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் நான் சொன்னது: "ஆமிக்காகக் கழட்டலைங்க, அம்மனுக்காகக் கழட்டினேன்."

நேற்று வெள்ளிக்கிழமை காலை மகளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து டொக்டர் ஒரு விஷயம் சொன்னார். வரும் வழியெல்லாம் மகள் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். நான்கு மணிக்கு எங்கள் லைன் வழக்கம்போலச் செத்துக் கிடந்தது. மஹ்ரூப் வீட்டு வயரைக் கொம்பியூட்டரில் குத்தினேன். மருமகன் திரையில் வந்தார். மகள் முதலில் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அதன் பின்னர் இரண்டு விரலை நீட்டிக் கையை உயர்த்தினாள். அந்நேரம் பொலிசார் உள்ளே வந்தார்கள். ஒருவர் கமராவைக் கையால் பொத்தினார், மற்றவர் வயரைப் பிடுங்கினார். மருமகன் விரலைக் கண்டாரா, சீருடையை மட்டும் கண்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. கொம்பியூட்டர், இன்டர்நெட் பெட்டி, வயர், கைத்தொலைபேசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் இங்கே கொண்டுவந்தார்கள். நேற்றிலிருந்து மருமகப் பிள்ளை அங்கே என்ன நினைத்துத் துடிக்கிறாரோ.

அந்த இரண்டு விரல் என்ன சங்கேதம், இரண்டு ஆளா, இரண்டு இடமா, இரண்டு மணியா என்று விசாரித்தார்கள். "அது சங்கேதம் இல்லீங்க, பாஷை. ஒங்களுக்குத் தெரியாததுன்னா அது குத்தமாகிடுமா?" என்று கேட்டேன். மகள் தானே வாக்குமூலம் கொடுக்கத் தயாராக இருந்தாள். அவள் பாஷை தெரிந்தவர் இங்கே ஒருவரும் இல்லை. என்னையே அதைத் தமிழில் மாற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் மறுத்தேன், இப்போதும் மறுக்கிறேன். அது அவள் தன் புருஷனுக்குச் சொன்ன சேதி. அவர் அறிவதற்கு முன்னால் ஒரு பொலிஸ் புத்தகத்தில் அது ஏறாது. அதற்காக என்னை எத்தனை நாள் வைத்திருந்தாலும் இருப்பேன். மகளை வைத்திருக்க வேண்டாம், அவளுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு நோகிறது.

எடுத்த பொருட்களை வரும் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு முன்னர் திருப்பித் தர வேண்டும். தந்தால் அதே குழாயில் கட்டுவேன். தராவிட்டால் வேறு வயர் வாங்கிக் கட்டுவேன். அடுத்த வருடம் தேருக்கும் நானே ஏறிக் கழற்றுவேன். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கட்டும்.

இவ்விடத்தில் சார்ஜன்ட் பலீல் எழுதுவதை நிறுத்தி, "ரெட்டைப் புள்ளையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அவரிடம், "நீங்க கேட்டதையும் எழுதுங்க. நான் பதில் சொல்லலன்னும் எழுதுங்க" என்றேன். எழுதியிருக்கிறார்.

இதை நானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். எழுதியிருப்பது யாவும் என் வாயால் சொன்னது, யாவும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் வெளியே வாங்கில் இருக்கிறாள்.

(ஒப்பம்) மு. வேலம்மா