கல்லீரலில் மூன்று வெள்ளைத் திட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, ஸ்கேன் அறைத் தோழர்களே, செவிலியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

இன்று நாம் அஞ்சலி செலுத்தும் நம் ஸ்கேன் டாக்டரோடு இருபத்தாறு ஆண்டுகள் சண்டை போட்ட புற்றுநோய் மருத்துவன் நான். ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்வதில் அவருக்கு நிகர் யார்? ஆனாலும் நமக்கெல்லாம் அவர் 'மறுபடி டாக்டர்'தானே! "மறுபடி ஒரு தடவை பாத்துடுவோம்" என்பார். நோயாளியின் வயிற்றில் சில்லென்று படக்கூடாதென்று ஜெல் குப்பியை அக்குளில் இடுக்கியபடியே நிற்பார். அதனால் ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு ஒருமுறை கைகூடக் கொடுக்க முடியவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால், பேருந்து ஓட்டும் ஓர் அம்மா வந்தார். குடல் புற்றுக்கு அறுவை செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்கேனில் கல்லீரலில் மூன்று வெள்ளைத் திட்டுகள். பரவிவிட்டது என்று அவர் கணவரிடம் சொல்லி, மருந்தேற்ற நாளும் குறித்துவிட்டேன்.

மறுபடி டாக்டர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ரத்தக்குழாய் திட்டுக்குள்ள நேரா போகுது பாருங்க. கட்டின்னா குழாயைத் தள்ளியிருக்கணும். இது வெறும் கொழுப்புங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையை எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்று கத்தினேன். கோபப்பட்டாரா? இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார். அதிலும் கொழுப்பென்றே தெரிந்தது. அதோடு விட்டாரா? தன் கண்ணையும் முழுதாக நம்பாத மனிதர் அல்லவா! பயாப்ஸி ஊசியால் திட்டிலிருந்து ஒரு துணுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் நன்றாக இருந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார். மூன்று நாள் நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

முடிவு வந்தது. வெறும் கொழுப்பு. புற்று இல்லவே இல்லை.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏன் என் கையை? ரிப்போர்ட்டின் முதல் வரியில் மறுபடி டாக்டர் எழுதியிருந்தார்: 'புற்றுநோய் மருத்துவரின் ஆலோசனைப்படி பயாப்ஸி செய்யப்பட்டது.'

நான் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை ஐயா! ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"அந்தம்மா இன்னும் பல வருஷம் உங்ககிட்டதானே வரணும்? உங்க மேல நம்பிக்கை போயிடக்கூடாதுல்ல."

அண்ணி, எனக்குச் சேராத அந்த நன்றியை இத்தனை நாள் வாய்மூடி வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. தவறியவன் நான். காப்பாற்றியவர் உங்கள் கணவர். நேற்று அந்த அம்மாவுக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்தவர், "இனிமே ஜெல் சில்லுன்னு இருக்குமே டாக்டர்" என்றார்.

இருக்காது. திங்கட்கிழமை அவருக்கு வருடாந்தர ஸ்கேன். நானும் அந்த அறையில் இருப்பேன், குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு. சந்தேகம் என்று யார் சொன்னாலும், அது என் தீர்ப்பின் மேலேயே ஆனாலும், மறுபடி ஒரு தடவை பார்ப்போம்.