கோணலாகத் தொங்கிய காகிதப் பூக்கள்

குளிரை வழியனுப்பி வசந்தத்தை வரவேற்கும் இவ்விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் ஒலிவாங்கியைத் தொடுவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையில் கம்பளியோடும் கனிவோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவனத்தை மேடையிலும் வைத்திருக்கும் அருமைத் தாய்மார்களே! சுவரோரம் சாய்ந்து, தேநீர் எப்போது வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் என் உடன்பிறவாச் சகோதரர்களே! நான் ஓட்டும் பேருந்தில் போடும் சத்தம் போதாதென்று இங்கேயும் வந்து சத்தம் போடும் என் செல்வக் குழந்தைகளே! பள்ளிப் பேருந்து ஓட்டுநராகிய இந்த எளியவளின் இனிய மாலை வணக்கம்!

செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய வசந்த கால அலங்காரங்கள். இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. மேடையேறும்போது படிக்கட்டில் ஒருவர் என்னை நிறுத்தினார். "காகிதப் பூவப் பத்திப் பேச என்னங்க இருக்கு? வெட்டணும், ஒட்டணும். அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதானா? வெட்டுவதும் ஒட்டுவதும் அவ்வளவுதானா? முட்டை அட்டையில் முளைத்த ஒரு மலர், மூலையில் முடங்கிக் கிடந்த ஒரு மனிதனை எழுப்பி நிற்க வைத்ததை இந்த இரண்டு கண்களால் பார்த்தவள் நான்! அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். தலைவர் அவர்களே, மணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்!

எனக்கு ஒரு தம்பி. எங்கள் குடும்பத்தில் அவனுக்குப் பெயர் நெட்டையன். கட்டுமானத் தளத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் அமர்ந்துகொண்டு, இரும்புத் தூணை இறகைப் போல இறக்கி வைப்பான். கீழே நிற்பவர்கள் எறும்பு போலத் தெரிவார்கள் என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊரையே ஆளுகிற பெருமை இருக்கும்!

அப்படிப்பட்டவன், முந்தின வருடக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, கூண்டுக்குப் போகும் ஏணியில் கால் வைத்தான். படியில் பனி உறைந்திருந்தது. நான்காவது படியிலிருந்து வழுக்கி விழுந்தான். இருபது மாடி ஏறுகிறவன் நாலாம் படியில் விழுந்தான்! தொடை எலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள், தையல் போட்டார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கூடிடுச்சு. இனி தடி ஊன்றி நடக்கலாம். நடந்தே ஆகணும்" என்றார்.

எலும்பு கூடியது. மனம் கூடியதா? கூடவில்லையே!

அவன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் மனைவியின் தோள் வேண்டும். பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தாலும் முகம் வெளுத்துவிடும். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணிடம், "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்பான். நாளை வரும், நாளை மறுநாள் வரும், அவன் மட்டும் எழுந்து வரமாட்டான். சன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னான். தூரத்தில் கிரேன் தெரிகிறதாம். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லையாம்.

தாய்மார்களே, இப்போது என் தவறைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பகல் பன்னிரண்டு மணிக்கு இருட்டறையில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைக் கண்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. "ஏன்டா, இப்படியே படுத்துக் கிடந்து சோம்பேறியாவே ஆயிட்டியாடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நானும் வீம்பு பிடித்து மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

போகவில்லையே தவிர, பேருந்தில் உட்கார்ந்தால் அந்தப் போர்வைதான் கண்ணில் நின்றது. என்ன கொண்டு போவது? எந்த முகத்தோடு போவது? இந்த யோசனையில் ஒரு நாள் குழந்தைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சாலையோர மரங்களின் கிளைகளை நகராட்சித் தோட்டக்காரர்கள் கழித்துக்கொண்டிருந்தார்கள். நடைபாதை முழுக்க வெறும் குச்சிகள். "இத என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "குப்பைக்குத்தாம்மா. வேணும்னா எடுத்துட்டுப் போய்த் தண்ணியில வைங்க. சூடான ரூம்ல ரெண்டு வாரத்துல பூக்கும்" என்றார் ஒருவர். நம்பினேனா? நம்பவில்லை. ஆனாலும் ஒரு கட்டு தூக்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போவதற்கு அது மேல் அல்லவா?

கதவைத் திறந்தது தம்பி மனைவி. ரொட்டித் தொழிற்கூடத்தில் விடியற்காலை வேலை பார்த்துவிட்டு வந்து, உடுப்பில் மாவு கூட உதறாமல் நின்றாள். குச்சிக் கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"வசந்தம் வருதும்மா. வீட்டக் கொஞ்சம் அலங்காரம் பண்ணலாம்னு..."

"அவரு ஒரு வாரமா எழுந்து குளிக்கல. எனக்கு முதுகு ஒடியுது. இந்த நெலமையில பூ ஒண்ணுதான் கொறச்சலா?" என்றவள் அப்படியே கதவில் சாய்ந்து அழுதாள். நியாயமான கேள்வி.

பதில் சொன்னது அவர்களுடைய மகள். ஒன்பது வயது, வாய் தொண்ணூறு வயது! அதனால் அவளுக்கு வாயாடி என்றே பெயர். "அம்மா, நீ போய்த் தூங்கு. அத்தையும் நானும் பாத்துக்கறோம்" என்று குச்சிக் கட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அன்று அந்த வீட்டில் நடந்ததே திருவிளையாடல்! ரொட்டிக் கூடத்தில் வீசி எறிந்த முட்டை அட்டைகள் ஒரு மூட்டை இருந்தன. ஒவ்வொரு குழியையும் வெட்டினோம், ஓரத்தை இதழ் இதழாக நறுக்கினோம். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரில் முக்கினால் இளஞ்சிவப்பு! வெங்காயச் சருகு கொதித்த தண்ணீரில் முக்கினால் பொன்மஞ்சள்! கீரை வடித்த தண்ணீரில் முக்கினால்... சேறு! ஆம், சிரியுங்கள், அது பச்சையாக வரும் என்று நானும்தான் நம்பினேன்! என்ன, பின்வரிசையில் என்னவோ கேட்கிறீர்கள்? பசையா? மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுங்கள் அம்மா, போதும். ஆனால் என்னைப் போல அவசரப்படாதீர்கள். சூடான பசையில் ஒட்டிய முதல் மாலை அடுப்புக்கு மேலே பத்து நிமிடம் நின்றது, பதினோராம் நிமிடம் சூப்பில் குளித்தது!

மிஞ்சிய பூக்களை நூலில் கோத்தோம். ஒடிந்த துடைப்பக் கம்பு ஒன்றில் வரிசையாகத் தொங்கவிட்டோம். வீட்டிலேயே உத்தரத்தில் கொக்கி இருந்தது ஓர் அறையில்தான். எந்த அறை? என் தம்பி படுத்திருந்த அறை!

பூனை போல உள்ளே போனோம். அளவெடுத்து, கம்பின் நடுப்பகுதியில் கயிறு கட்டி, கொக்கியில் மாட்டினேன். கையை விட்டதும் ஒரு பக்கம் தரையைப் பார்த்தது, மறுபக்கம் கூரையைப் பார்த்தது. நேராக்கினேன். மறுபடியும் சாய்ந்தது. வாயாடி நாற்காலியில் ஏறினாள். மறுபடியும் சாய்ந்தது.

அப்போது போர்வை கொஞ்சம் விலகியது, உள்ளிருந்து ஒரு குரல்.

"அக்கா. நடு வேற, பாரத்தோட நடு வேற."

மூன்று வாரமாக என்னோடு பேசாத தம்பி! நாலு மாதமாக வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லாத தம்பி! நான் மூச்சுக்கூட விடவில்லை. வாயாடி விடுவாளா? "அப்டின்னா என்னப்பா?" என்றாள்.

"வலது பக்கம் ஏழு பூ கட்டியிருக்கீங்க, இடது பக்கம் மூணு. முடிச்ச பாரம் இருக்கற பக்கமா நகர்த்து."

அவள் நகர்த்தினாள். தப்பான பக்கம்.

"அந்தப் பக்கம் இல்லம்மா!"

"எந்தப் பக்கம்பா?"

"அய்யோ... அங்க இல்ல, இந்தா இந்தப் பக்கம்... சொன்னா கேளு... அட, விடு, விடு!"

கட்டில் முனகியது. ஒரு கால் தரைக்கு வந்தது. மறு கால் வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்தான், நாற்காலியின் முதுகைப் பிடித்தான், நின்றான்! தாங்கிப் பிடிக்க நான் பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நின்ற அவன் மனைவி, "விடுங்கக்கா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஓர் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடி! முடிச்சை அவிழ்த்தான், நாலு விரல் தள்ளிக் கட்டினான், கையை எடுத்தான். கம்பு நேராக நின்றது. பத்துப் பூவும் அசையாமல் நின்றன. அவன் கால்தான் நடுங்கியது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "என்னக்கா கட்டியிருக்க, கண்றாவி!" என்றான். அந்த வசவைப் போல இனிமையான சொல்லை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை!

(கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை!)

மறுநாள் என்ன நடந்தது? அவன் எழவில்லை. "ஏதோ வேகத்துல நின்னுட்டேன். இன்னிக்கு முடியல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். தம்பி மனைவி தொலைபேசியில் சொன்னாள்.

ஆனால் அதற்கடுத்த நாள் காலை, கம்பு மறுபடியும் கோணலாகத் தொங்கியது. அவனால் எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்? நண்பகல் வரைக்கும் பல்லைக் கடித்துப் பார்த்தான். பிறகு எழுந்து போய்ச் சரிசெய்தான். மறுநாளும் கோணல். மறுநாளும் எழுந்தான். பள்ளிக்குக் கிளம்பும்முன் நாற்காலியில் ஏறி முடிச்சை நகர்த்திவிட்டுப் போவது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு நாள் இரண்டு பூவை இடம் மாற்றினாள். ஒரு நாள் ஒரு பக்கம் கரண்டியைக் கட்டிவிட்டாள்! மாலையில் வந்து, "எப்படிப்பா நேராச்சு?" என்று கண்ணை உருட்டிக் கேட்பாள்.

பத்து நாள் கழித்துப் போனேன். தடியை ஊன்றி, அவனே வந்து கதவைத் திறந்தான். மகளின் வேலை என்று உனக்குத் தெரியாதா என்று காதோடு கேட்டேன்.

"ரெண்டாவது நாளே தெரியும்க்கா. முடிச்சுக்குக் காலா மொளச்சிருக்கு? ஆனா அவ சாயங்காலம் வந்து மொதல்ல அதத்தான் பாப்பா. கோணலாவே இருந்தா அவ மொகம் எப்படி இருக்கும்னு நெனச்சேன். எழுந்துட்டேன்."

நான் அழுதுகொண்டே, "அன்னிக்கு உன்னச் சோம்பேறின்னு சொல்லிட்டேன்டா" என்றேன். "விடுக்கா. மூணு வாரமா உன்மேல கோவப்படற ஒரு வேலையாவது இருந்துச்சு" என்று சிரித்தான்.

அந்தக் குச்சிகள்? அவன் அறையில், தண்ணீர்ச் சாடிகளில் இருந்தன. கணுவெல்லாம் மொட்டு தடித்திருந்தது. "வெளிச்சம் பத்தல, அதான் திறக்க மாட்டேங்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே போய், தன் கையால் திரையை விலக்கினான். வெயில் வெள்ளமாக உள்ளே பாய்ந்தது. தூரத்தில் கிரேன் நின்றது. அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சாடிகளை ஒவ்வொன்றாகச் சன்னல் மேடையில் அடுக்கினான். நான்காம் நாள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டன என்று செய்தி வந்தது!

அன்பர்களே! காகிதப் பூ எலும்பை ஒட்ட வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒட்ட வைத்தவர் மருத்துவர். தோள் கொடுத்தவள் மனைவி. பயிற்சி தந்தவள் பொறுமையில் பூமியை வென்ற அந்தப் பெண். பிறகு அந்தப் பூ என்னதான் செய்தது? கடையில் வாங்கிய அலங்காரம் குறையே இல்லாமல் வரும். அதற்கு நம்மிடம் கேட்க ஒன்றுமில்லை. கையால் செய்தது கோணலாக நிற்கும், கிழியும், அவிழும், சூப்பில் விழும்! விழுந்து, "யாராவது வாங்களேன்" என்று கூப்பிடும். என் தம்பியிடம் வாரக்கணக்கில் எல்லாரும் "நடங்க, நடங்க" என்றார்கள். "உன் கை இங்கே வேணும்" என்று கூப்பிட்டது அந்தக் கோணல் கம்பு ஒன்றுதான்!

அவன் எங்கே என்று தேடுகிறீர்களா? முன்வரிசையில் மனைவி இருக்கிறாள். மகள் எங்கே, அதோ நாற்காலியின் மேல் நிற்கிறாள், இறங்கம்மா! அவன் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை? ஒரு வருடம் விடாமல் பயிற்சி செய்தான்; வேலைக்குப் போகலாம் என்று போன வாரம் மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த நிமிடம் அவன் இருபது மாடி உயரத்தில், தன் கண்ணாடிக் கூண்டில், வேலையில் இருக்கிறான்!

(இப்போது தட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்!)

மண்டபத்தின் பின்புறம் மேசைகளைப் பாருங்கள். முட்டை அட்டை இருக்கிறது, பழைய செய்தித்தாள் இருக்கிறது, நூல் இருக்கிறது, ஆறிய பசை இருக்கிறது. ஆளுக்கொரு கத்தரிக்கோல் எடுங்கள். அழகாக வரவில்லையே என்று வெட்கப்படாதீர்கள். பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓய்வு பெற்று ஒதுங்கி இருப்பவரிடம் ஒரு முனையைக் கொடுங்கள். கோபித்துக்கொண்டிருக்கும் கணவரிடம் முடிச்சைக் கொடுங்கள். அவர் கட்டிய முடிச்சைக் குறை சொல்லாமல் இருந்தால் உங்களுக்குத் தனிப் பரிசு!

மணியை எடுத்துவிட்டுப் பிறகு அடிக்காமலே வைத்துவிட்ட தலைவருக்கும், ஆறிப்போகும் தேநீரை மறந்து கேட்டிருந்த உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வீடெங்கும் பூக்கட்டும் வசந்தம்! வாருங்கள் மேசைக்கு! வணக்கம்!