ரேடார் சொன்ன பதினொண்ணு

அந்தச் சால்வையை வெளிய எடுக்காதீங்க மேடம், கவருக்குள்ளயே இருக்கட்டும். இங்க எதை வெளிய எடுத்தாலும் அஞ்சு நிமிஷத்துல பூஞ்சை வாசம் ஏறிரும். நான் போட்டிருக்க சட்டை மூணு நாளா கொடியில கெடந்தது, காயலை. அப்படியே எடுத்து மாட்டியிருக்கேன். கிட்ட வந்தீங்கன்னா ஓங்கரிச்சு வரும், அதான் தள்ளி நிக்கேன். அந்தப் பெஞ்சு வேண்டாம், அட்டை இருக்கும். பாத்தீங்களா, கால்ல ஏறியாச்சு. பிச்சு எடுக்காதீங்க, இந்தா உப்பு.

தமிழ் நல்லா மனசிலாகும்னு டிரைவர் சொன்னாரு. அம்மை வீடு வலியசாலையா? அங்க முழுக்க தமிழ் ஆளுங்கல்லா, அப்ப செரி. எனக்கு மலையாளமும் வரும், ஆனா அதுல பேசினா கோவம் செரியா வராது.

இப்ப வாசிச்சீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. ஜில்லாவுல இருக்க முப்பத்திரண்டு மழை ஸ்டேஷன்ல, ரேடார் கணக்கோட அதிகம் ஒத்துப்போறது நம்ம மஞ்சப்பாறை எஸ்டேட் ஸ்டேஷன். நூத்துக்குத் தொண்ணூத்தாறு. அளந்தவர் திரு தளவாய். சை! அம்பத்தெட்டு வயசுல இன்னைக்குத்தான் என் பேரை அச்சடிச்சுப் பாக்கேன். அதுவும் இந்தக் காயிதத்துல.

இல்ல மேடம், சிரிக்கலை. பேசும்போது வாய் இப்படிக் கோணும், அவ்வளவுதான்.

வெளிய தலையில துண்டு போட்டு நிக்கானே, அவன் வீரபாண்டி. நான் உள்ள கூப்பிட்டேன், வரமாட்டேங்கான். மழை ஆபீஸ் மேடத்துக்கிட்ட ஒரு லெட்டர் வாங்கணும்னு விடியக்காலையில இருந்து நிக்கான். கர்க்கடகம், நம்ம ஆடி மாசம், ரெண்டாம் தேதி இங்க பேய்மழை பெஞ்சுதுன்னு ஆபீஸ் சீல் வச்சு ஒரு லெட்டர். அன்னைக்குத்தான் எஸ்டேட்காரன் கட்டிக்குடுத்த அவன் லயத்து வீட்டுப் பின்சுவரு இடிஞ்சு, அவன் வீட்டுக்காரி வடிவம்மாள் மேல விழுந்தது. பாடியைத்தான் எடுத்தோம். மழையில வீடு போனவங்களுக்குப் புதுவீடு குடுக்க லிஸ்ட் போட்டாங்கல்லா, அதுல இவன் பேரை வெட்டிட்டாங்க. அவனும் மக ஷிஜாவும் பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்துல கெடக்காங்க. வயசுக்கு வந்த பொண்ணு, கதவு கிடையாது, சேலையைக் கட்டி மறைச்சிருக்கு. அதுவும் அவ அம்மை சேலை.

ஏன் வெட்டினாங்கன்னா, வந்த ரிலீப் ஆபீசர் போனைத் திருப்பிக் காட்டினான். ரேடார்ல அன்னைக்கு இங்க பதினொண்ணு மில்லிமீட்டர். பதினொண்ணுக்குச் சுவரு விழாது, இது பழைய சுவரு, தானே விழுந்தது, மழைக் கணக்குல வராதுன்னுட்டான். பதினொண்ணாம்! அன்னைக்கு அந்தச் சேத்துல நாங்க முட்டளவு நின்னோம். அவன் செருப்புல மண்ணு படாம கல்லு கல்லாத் தாவி வந்துட்டு, பதினொண்ணுங்கான். எனக்கு அவன் மூஞ்சில துப்பணும் போல இருந்தது. துப்பலை. காரணம் இருக்கு.

நம்ம மழை அளக்குற கேஜா? அதுல அன்னைக்கு எத்தனைன்னா... சொல்லுதேன், அதுக்கு வாறேன். மொதல்ல இந்த ரேடார் விஷயத்தைப் பேசி முடிச்சுக்கிடுதேன்.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்லுதேன். உங்க ஆபீஸ் ரதீஷ் சார்தான் இந்தக் கேஜை நட்டப்ப எனக்குச் சொல்லிக் குடுத்தது. ரேடார் கீழ டவுன்ல, கடலோரத்துல உக்காந்திருக்கு. அது மழையைப் பாக்கலை, ஒரு கதிரை விடுது, மழைத்துளியில பட்டுத் திரும்பி வாறதை வச்சு இங்க இத்தனைன்னு கணக்குப் போடுது. கதிரு நேராப் போகும், பூமி வளைஞ்சு கீழ எறங்கும். அதனால தூரம் போகப்போக அது உசரத்துல போயிரும். நடுவுல மலை வேற மறிச்சு நிக்கும். இங்க மழை எங்கேருந்து பெய்யுது? மேகம் வாசப்படிக்கே வந்து நிக்கும் மேடம். தேயிலைக்கு மேல ஒரு ஆள் உசரத்துல நின்னுக்கிட்டுப் பொடிப்பொடியா, நாள் முழுக்க, விடாமப் பெய்யும். கதிரு அதுக்கு மேல போயி வெறும் ஆகாசத்தைத் தடவிட்டு, மஞ்சப்பாறையில ஒண்ணும் இல்லைங்கும். மாடியில நின்னுக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில தேடுற மாதிரி.

சித்திரையில இதுக்கு நேர் எதிர். போன்ல நம்ம மலை முழுக்க சிவப்பா இருக்கும், அடிச்சு ஊத்துதுன்னு அர்த்தம். வெளிய வந்து பாத்தா நாக்கு வறண்டு போகும். மேல பெய்யிறது கீழ வாறதுக்குள்ள காத்துலயே காஞ்சிருதாம். இல்லைன்னா காத்து அதைத் தள்ளிக்கொண்டு போய் மலைக்கு அந்தப் பக்கம், அம்பாசமுத்திரத்துக்காரன் தலையில கொட்டிருதாம். இதெல்லாம் ரதீஷ் சார் சொன்னதுதான். அதனாலதான் தளவாய் அண்ணா, நாங்க தரையில கேஜ் வைக்கோம், நீங்க தர்ற நம்பரை வச்சுத்தான் ரேடாரைத் திருத்துவோம்னாரு. எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு. எஸ்டேட்ல முப்பது வருஷம் மருந்தடிச்சேன், ஒருத்தன்கூட என்னை வச்சு எதையும் திருத்தலை.

மொத மாசமே ஆரம்பிச்சுது. நான் சைபர் எழுதினா உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு சார் போன் பண்ணுவாரு. ரேடார்ல நாப்பத்திரண்டு காட்டுதே, பாத்திரம் ஓட்டையா? ஓட்டை இல்ல சாரே. நான் நூத்திமுப்பது எழுதினா அதுக்கும் போன் வரும். ரேடார்ல ஒம்பதுதானே, குரங்கு ஏறி மோண்டிருக்குமா? பிள்ளைங்க குடத்துத் தண்ணியைக் கொட்டியிருக்குமா? ஒருநாள், மோந்து பாத்துட்டுச் சொல்லுங்கன்னாரு மேடம். நானும் கேஜுக்குள்ள தண்ணி சேருற குப்பியை மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்து பாத்தேன். இப்ப நெனச்சாலும் என் மேலயே அருவருப்பா இருக்கு. நூத்திமுப்பது மில்லிமீட்டருக்கு மோளணும்னா யானைதான் வரணும் சாரேன்னேன். அவரு சிரிக்கலை. விளக்கம் எழுதி அனுப்புங்கன்னாரு.

ரேடாரோட ஒத்துப்போகலைன்னா அந்த நம்பர் கம்ப்யூட்டர்ல மஞ்சளாயிருமாம். மஞ்சளானா விளக்கம் எழுதணும். நான் எட்டாங்கிளாஸ், மலையாளத்துல எழுத ஷிஜாகிட்டதான் போகணும். அவளும் எத்தனை தடவைதான் எழுதுவா? மழை பெய்தது, ஆகையால் மழை என்று எழுதினேன். வேற என்னத்த எழுத?

ஒரு தடவை டவுனுக்கு மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க. நல்ல சட்டை போட்டு, ரெண்டு பஸ் மாறி, பழவங்காடியில எறங்கி, நல்லபடியா நடக்கணும்னு பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடச்சிட்டுப் போனேன். ஏசி ரூம்ல நாப்பது பேரு. பெரிய ஸ்கிரீன்ல முப்பத்தியொரு ஸ்டேஷன் பச்சை, என் ஸ்டேஷன் மட்டும் மஞ்சள். எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க. நின்னேன். நம்பகத்தன்மை இல்லாத ஸ்டேஷன்னு பறஞ்சாங்க. ரதீஷ் சார் அங்கதான் இருந்தாரு, தலையைக் குனிஞ்சு பிஸ்கட்டு தின்னுட்டிருந்தாரு. சாயாவும் குடுத்தாங்க. தொடாம அப்படியே வச்சிட்டு வந்தேன்.

பச்சையா இருந்த அந்த முப்பத்தியொரு பேரும் எப்படி பச்சையா இருந்தாங்கன்னு அன்னைக்கு எனக்கு ஓடலை. பஸ்ல வரும்போது ஓடுச்சு.

அதுக்கப்புறம் போன் வரலை. ஒரு வருஷமா வரலை. ஷிஜா என் போன்ல உங்க ரேடாரை ஏத்திக் குடுத்தா, மாமா, துணி காயப்போட உதவும்னு. ஊரு மேல விரலை வச்சா நேத்து எட்டரையில இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் எத்தனை பெஞ்சுதுன்னு நம்பர் வரும். துணிக்கு அது ஒரு நாளும் உதவலை.

வடிவம்மாளைச் சொல்லணும். அவளுக்கு இந்தக் கேஜ் மேல ஒரு கிறுக்கு. தினம் எட்டரைக்கு நான் கேஜ்கிட்ட போறப்ப கட்டன் சாயா கொண்டு தருவா. இன்னைக்கு எத்தனை அண்ணான்னு கேப்பா. நான் சொல்ற நம்பரைக் கொழுந்து எடுக்கப் போற லைன் முழுக்கச் சொல்லிட்டுப் போவா, என்னமோ அவளே பெய்ய வச்ச மாதிரி. போன வருஷம் ஒருநாள் அப்படிக் கேட்டா. நான் ஏழுன்னேன். அவ சேலைத் தலைப்பைப் பிழிஞ்சிட்டிருந்தா. தண்ணி என் கால்ல விழுந்தது. என்னை ஒரு பார்வை பாத்தா. ஏழான்னா. ஆமா ஏழுன்னேன். அதுக்கப்புறமும் கட்டன் கொண்டு வருவா, எத்தனைன்னு கேக்கமாட்டா.

உக்காருங்க மேடம், எந்திரிக்காதீங்க. முடிக்கப்போறேன்.

கர்க்கடகம் ரெண்டாம் தேதி காலையில ஏழு மணி. அதுக்கு முந்தி ரெண்டு நாளா விடலை. அவ அடுப்புல தண்ணி வச்சிருக்கா. பின்னால மண்ணு எறங்குச்சு, சுவரு உள்ள வந்துருச்சு. பாறை உருள்ற சத்தம்னு நெனச்சேன். போய்ப் பாத்தா வீரபாண்டி வெறுங்கையால தோண்டிட்டு நிக்கான். நானும் தோண்டினேன். ஷிஜா சட்டியால வாரிப் போடுது. கூழு மாதிரி மண்ணு மேடம், எடுக்க எடுக்க வந்து மூடுது. மண்ணெண்ணெய் நாத்தம் வேற. ஒருமணி நேரம் ஆச்சு. மொதல்ல கிடைச்சது அந்தக் கட்டன் போடுற பாத்திரம்.

அவளை வெளிய கொண்டுவந்து, பாயில கெடத்தி, ஷிஜா குடுத்த துணியால மூடிட்டுத் திரும்பினேன். போன்ல அலாரம் அடிச்சுது. தினம் எட்டரைக்கு அடிக்கும். நான் போய் அலாரத்தை நிறுத்துதேன், கால் பாட்டுக்கு கேஜ் பக்கம் போகுது. பழக்கம். கையெல்லாம் அவ வீட்டு மண்ணு. போன் கண்ணாடியில மண்ணு ஒட்டி விரல் வேலை செய்யலை, மடியில தொடச்சிட்டு மறுபடி ஊரு மேல வச்சேன். பதினொண்ணுன்னு வந்தது.

ரிஜிஸ்டர் அந்த அலமாரியிலதான் இருக்கு, வேணும்னா எடுத்துப் பாருங்க. அந்தப் பக்கத்துல ஓரத்துல மண்ணுக் கைரேகை இருக்கும். அது என்னோடதுதான். நம்பரும் என் கையெழுத்துதான். ரிலீப் ஆபீசர் சும்மா ரேடாரை மட்டும் பாத்துட்டு வெட்டலை மேடம். எஸ்டேட்ல தரை ஸ்டேஷன் ஒண்ணு இருக்கே, அதையும் பாருங்க சாரேன்னு வீரபாண்டிதான் அவனைக் கையப் புடிச்சு இங்க கூட்டிட்டு வந்தான். அண்ணன் அளந்திருப்பாரு, அண்ணன் பொய் எழுதமாட்டாருன்னு. ஆபீசர் ரிஜிஸ்டரைத் திறந்து பாத்துட்டு, ரெண்டும் ஒத்துப்போகுதேன்னான். வீரபாண்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ரேடார் சதி பண்ணிருச்சுன்னு இப்பவும் ஊரெல்லாம் திட்டிட்டுத் திரியான். நானும் கூடச் சேந்து திட்டுதேன். இவ்வளவு நேரம் உங்ககிட்ட திட்டினேன்லா, அதே மாதிரி.

ரதீஷ் சார்கிட்டயா? இல்ல, யாருகிட்டயும் சொல்லலை. நீங்க சால்வையும் காயிதமும் கொண்டு வரலைன்னா இன்னைக்கும் சொல்லியிருக்கமாட்டேன். தொண்ணூத்தாறுன்னு வாசிச்சீங்க பாருங்க, அதுக்கு மேல மூடி வைக்க முடியலை.

நான் சொன்னதை அப்படியே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன். அவனை உள்ள கூப்பிடுதேன், அவன் முன்னாடியே வாசிங்க. ஆனா ஒண்ணு மேடம். உண்மையில எத்தனைன்னு மட்டும் கேக்காதீங்க. உள்ள இருக்க குப்பி நெறஞ்சு, வெளித் தகரத்துலயும் தண்ணி தளும்பி நின்னுது. ரெண்டு கையும் போட்டுத்தான் தூக்க முடிஞ்சுது. அளவு கிளாஸ் பக்கத்துலதான் தொங்குச்சு. பதினொண்ணுன்னு எழுதியாச்சே, இனி என்னத்தைன்னு, என் கையில இருந்த மண்ணை அந்தத் தண்ணியிலயே கழுவிட்டுக் கவுத்துட்டேன்.