சத்தம் போடுற லேப்டாப்

— இதுல சத்தமே வராதுங்கய்யா. ஃபேனே கெடையாது. பக்கத்துல கொழந்த தூங்கினாலும் எழுந்திரிக்காது, கேரண்டி.

— ஃபேன் இல்லாதது வேணாம்ப்பா.

— சொல்றேன் பாருங்க ஐயா. கள்ளக்குறிச்சியிலியே இந்த மாடலு நம்ம வெங்கடேசன் கடையில மட்டும் தான் இருக்குது. வர்றவங்க எல்லாம் சத்தம் கம்மியா இருக்கறதா குடுன்னு தான் கேக்கறாங்க.

— அவங்க கேக்கட்டும். எங்களுக்கு சத்தம் வரணும். இன்னா பெரியநாயகி, அப்டித்தான?

— ஆமா கண்ணு. நல்லா பலமா கேக்கணும்.

— அம்மா, கடை தெறந்து எட்டு வருசம் ஆவுது. சத்தம் வர்றத குடுன்னு கேட்டவங்க நீங்க தான் மொத ஆளு. யாருக்கும்மா வாங்கறீங்க?

— எங்க புள்ளைக்கி.

— அவரு இன்னா வேல பாக்கறாருன்னு சொல்லுங்க, நானே கரெக்டா எடுத்துக் குடுக்கறேன்.

— கல்யாண வீடியோப்பா. எடுத்துக்கினு வந்து வெட்டி ஒட்டி, பாட்டு சேத்து குடுப்பான்.

— எடிட்டிங்கா? அத மொதல்லியே சொல்லக்கூடாதுங்களா. அப்ப ஃபேன் இல்லாதது ஆவாது தான். அரை மணி நேரம் வேல குடுத்தா சூடு ஏறிடும். ஏறிச்சின்னா அதுவே வேகத்த கொறச்சிக்கும். அப்பறம் ஒரு பாட்டு முடியறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். மெமரி பதினாறு போதும் இல்லீங்களா?

— முப்பத்திரெண்டு.

— பதினாறே தாராளம்ங்கய்யா. வேணும்னா அப்பறமா சேத்து மாட்டிக்கலாம்.

— அப்டித்தான் சொல்லுவ, ஒத்துக்கக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்குது. பக்கத்து வூட்டு சுபஸ்ரீ எழுதிக் குடுத்துச்சி. கண்ணாடி கொண்டாரல, நீயே படிச்சிக்க.

— குடுங்க. "மெமரி முப்பத்திரெண்டு, மொதல்லியே உள்ள இருக்கணும். நாலு கேமரா வீடியோ ஒண்ணா ஓடினாலும் திக்கக் கூடாது. ஃபேன் ரெண்டு. சத்தம் கேக்கணும்." அடேங்கப்பா, சுபஸ்ரீ கம்ப்யூட்டரா படிக்குது?

— நர்சிங் படிக்குது. எழுதினது தான் அது. சொன்னது எங்க நாத்தனா சின்னக்கண்ணு.

— அவங்க எங்கியாச்சும் ஐடி கம்பெனியில இருக்கறாங்களா?

— என் அக்காப்பா அது. மாடு மேய்க்குது. போனு வந்தா பச்சைய அமுக்கறதா, செவப்ப அமுக்கறதான்னு இன்னிக்கி வரைக்கும் கேட்டுக்கினு இருக்குது. கையெழுத்து போடத் தெரியாது.

— அவங்களுக்கு எப்டிங்க இதெல்லாம் தெரியும்?

— நீயே சொல்லு பெரியநாயகி. எனக்கு வாய் வரல.

— கண்ணு, எம்புள்ள செத்து இன்னிக்கி இருவத்தாறு நாளு ஆவுது. பதினாறாம் நாளு காரியத்தன்னிக்கி பம்பக்காரர வச்சி மோளம் அடிச்சி கெணத்தாண்ட அவனக் கூப்ட்டோம். நம்ம பக்கம் கூப்புடறது தான, நீயும் பாத்திருப்ப. இன்னா கொறையோட போன என் சாமி, இன்னா வேணுமோ கேளு, வாங்கிப் படைக்கறோம்னு கேட்டோம். சின்னக்கண்ணு மேல வந்துட்டான். வந்து கேட்டது இது தான்.

— படைக்கறதுக்கா லேப்டாப்பு?

— வர்ற வெள்ளிக்கெழம முப்பதாம் நாளு. எலையில சோறு கறி எல்லாம் வச்சி, நடுவுல இத வச்சி ஓடவுடணும். அப்ப தான் எறங்குவான். இன்னும் அவ மேலேருந்து எறங்கலப்பா. உடம்பு நெருப்பா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கி கொண்டு போனா ஜொரமே இல்லன்றாங்க. தொட்டா கை சுடுது. பத்து நாளா ஈரத் துணி சுத்திப் போட்டிருக்கறோம், போட்ட ஒடனே காஞ்சிடுது. வெள்ளிக்கெழமைக்கி மேல தாங்க மாட்டா.

— நீங்க எந்த ஊருங்கய்யா?

— வடக்கனந்தல். என் பேரு ராஜாங்கம்.

— பையன் பேரு?

— அஜித்குமாரு. எல்லாம் உன்னாண்ட தான வாங்குவான். அவன் பையில உன் கடை பில்லு இருந்திச்சி, அதப் பாத்து தான் வந்தோம். ஏன் தம்பி, அவனத் தெரியாதா?

— தெரியும்ங்க. கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுல அஞ்சலி பேனர் பாத்தேன். வரணும்னு தான் இருந்தேன். கடைய உட்டுட்டு வர முடியல. தண்ணி குடிக்கறீங்களாம்மா?

— வேணாம் கண்ணு. நீ மிஷின காட்டு.

— தோ, இத பாருங்கய்யா. ரெண்டு ஃபேனு, முப்பத்திரெண்டு மெமரி. கடையில இருக்கறதுலியே இதான் ஒசத்தி. பெட்டியில போட்டுடட்டுமா?

— ஓடவுடுப்பா. சத்தம் கேக்காம எப்டி எடுத்துக்கினு போறது?

— சும்மா இருந்தா வராதுங்க. வேல குடுத்தா தான் சுத்தும்.

— குடு.

— இருங்க, நாலு வீடியோ ஓடவுடறேன். ம், வருதுங்களா?

— இது இல்ல.

— அம்மா, இதுக்கு மேல சத்தம்னா...

— இது இல்ல கண்ணு. இது காத்து மாதிரி போவுது. அது இன்னும் கொஞ்சம் கட்டையா இருக்கும். சின்னக்கண்ணு தொண்டையில வந்திச்சே, அது வேணும்.

— தொண்டையிலியா?

— அத நான் சொல்றேன் தம்பி. பம்ப நின்னுடுச்சி, எங்க அக்கா மட்டும் வாயத் தெறந்தாப்ல அப்டியே உக்காந்திருந்திச்சி. உள்ளேருந்து ஊஊன்னு ஒரே சத்தம். நான் நெஞ்சுல கை வச்சிப் பாத்தேன். மூச்சு ஏறல, எறங்கல. சத்தம் மட்டும் வந்துக்கினே இருக்குது. பம்பக்காரரே எழுந்து தள்ளி நின்னுட்டாரு. எனக்கு அந்த சத்தம் தெரியும்ப்பா. கழனியில மோட்டார் கொட்டா இருக்குது, தென்னங்கீத்து போட்டது. அதுல லேப்டாப்ப வச்சி, கதவ சாத்திக்கினு தான் வேல செய்வான். கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு நான் கேட்டுக்கினே இருப்பேன். அந்த சத்தம் கேட்டா புள்ள உள்ள இருக்கறான்னு அர்த்தம்.

— வேற ஒண்ணு இருக்குது, டிஸ்பிளேக்கு வச்சது. கேம் வெளையாடறவங்க வாங்குவாங்க. அத ஓடவுடறேன், இருங்க.

— ம்.

— இப்ப எப்டிங்கம்மா?

— இன்னும் கொஞ்சம்.

— ஃபுல்லா வச்சிட்டேன்.

— இது தான். இது தாங்க! கேக்குதா உங்களுக்கு? என் சாமி... இது தான்.

— அழாத பெரியநாயகி. கடையில நின்னுக்கினு இன்னா இது.

— இந்த சத்தம் தான் கண்ணு வந்துக்கினு இருந்திச்சி. அப்பறம் பட்டுனு நின்னுச்சி. நின்னதும் சின்னக்கண்ணு என் மூஞ்சியப் பாத்து, எம்புள்ள கொரல்ல சொன்னா. 'சத்தத்த புடுங்கிட்டாம்மா'ன்னு.

— அது தான் எங்களுக்குப் புரியல தம்பி. சத்தத்த எப்டிப் புடுங்குவாங்க? பூசாரிய கேட்டோம், பம்பக்காரர கேட்டோம், கைய விரிச்சிட்டாங்க. நீ மிஷினு தெரிஞ்சவன். உனக்குப் புரியுதா?

— எனக்கு எப்டிங்க புரியும்? சாமி சொல்ற வார்த்த.

— அப்ப ஏன் மிஷின நிறுத்திட்ட?

— கைபட்டு நின்னுடுச்சிங்க. பேக் பண்ணிடறேன்.

— இரு. சாவறதுக்கு நாலு நாளு முன்ன அவன் பழைய மிஷின எடுத்துக்கினு கள்ளக்குறிச்சி வந்தான். கல்யாண பத்திரிக வீடியோவுக்கு கொரல் குடுத்தா கொரலுக்குள்ள ஃபேன் சத்தம் வுழுதுப்பான்னு பொலம்பிக்கினே வந்தான். திரும்பி வர்றப்ப சிரிச்சிக்கினு வந்தான். இப்ப பாருப்பா, கம்முனு இருக்குதுன்னான். அது உன்னாண்டயா?

— ஐயா, நீங்க இத எடுத்துக்கினு போங்க. பணமே வேணாம்.

— பணத்த யாரு கேட்டாங்க? உன்னாண்ட தான வந்தான், அதான கேக்கறேன்.

— வந்தான்.

— இன்னா பண்ண?

— ஃபேன்ல பேரிங் தேஞ்சி போச்சிங்க. புதுசு சென்னையிலேருந்து வரணும், நாலஞ்சி நாளு ஆவும்னேன். 'அண்ணா அண்ணா, நாளைக்கே கொரல் குடுக்கணும்ணா, எப்டியாச்சும் சத்தம் இல்லாம பண்ணிக் குடுண்ணா'ன்னு உயிர எடுத்தான். சரின்னு பின்னாடி தெறந்தேன். ஃபேனுக்குப் போற ஒயர புடுங்கி உட்டேன்.

— புடுங்கி உட்டியா?

— சின்ன ஒயரு தாங்க. எல்லா கடையிலயும் அவசரத்துக்குப் பண்றது தான். கொரல் குடுத்துட்டு எடுத்துக்கினு வாடா, மாட்டித் தர்றேன், அது வரைக்கும் எடிட்டிங் பண்ணிடாதன்னு சொல்லணும். அதான் முக்கியம்.

— சொன்னியா?

— கடையில நாலு பேரு நின்னுக்கினு இருந்தாங்கய்யா. சொல்லலாம்னு நிமிந்தா, வெளிய வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான்.

— போனு இல்லியா உன்னாண்ட?

— இருந்திச்சி. மறந்துட்டேன். சூடானா தானா ஆஃப் ஆயிடும்னு நெனச்சேன். பேட்டரி வேற உப்பியிருந்திச்சி, சூடேறினா தீப்புடிச்சிக்கும், அதையும் பாத்தேன். பாத்துட்டு தான் மூடுனேன்.

— கொட்டா எரிஞ்சதுக்கு எல்லாரும் கரண்டு கோளாறுன்னாங்கடா. அந்தக் கொட்டாவுக்குக் கரண்டு இழுத்தது நானு. இருவத்தாறு நாளா எம்புள்ளைய நானே கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு சோத்துல கை வைக்கறதில்ல, தெரியுமா உனக்கு? வெள்ளிமலையில ஒரு கல்யாணம் எடுத்துட்டு வந்தான். ரெண்டு நாளு தூக்கம் இல்ல. வீடியோவ ஓடவுட்டுட்டு, பாட்டு கேக்கறத காதுல மாட்டிக்கினு, அதும்பக்கத்துலியே படுத்துட்டிருக்கறான். நான் எங்க இருந்தேன் தெரியுமா? வாய்க்கால்ல. இருவது அடி தள்ளி. மத்தியானம் பன்னெண்டு மணி. கொட்டாவுலேருந்து சத்தமே வரல. புள்ள எங்கியோ வெளிய போயிட்டான்னு நெனச்சேன். கீத்து புடிச்சி எரியுது, ஜனம் குடத்த எடுத்துக்கினு ஓடியாருது. உள்ள யாரும் இல்ல, கொட்டா போனா போவட்டும், கிட்ட போவாதீங்கன்னு நான் தான்டா அவங்கள புடிச்சி நிறுத்தினேன். நான் தான்டா நின்னு பாத்துக்கினு இருந்தேன்!

— ஐயா... ஐயா, கழுத்த... அடிங்க, வேணாங்கல. அடிச்சிக் கொன்னுடுங்க.

— கைய எடுங்க அவன் மேலேருந்து.

— நீ தள்ளு பெரியநாயகி!

— எடுங்கன்றேன். அவன் நமக்கு வேணும்.

— இவனா? இவன் நமக்கு இன்னாத்துக்கு?

— பதினாறாம் நாளன்னிக்கி நீங்க தண்ணி கொண்டார ஓடிட்டீங்க. மீதிய எங்காதுல மட்டும் தான் சொன்னான். உங்களாண்ட சொன்னா, யாரு அவன் யாரு அவன்னு அருவாள எடுத்துக்கினு சுத்துவீங்கன்னு நான் சொல்லல. தம்பி, நீ உக்காரு. அழுவாத.

— போலீசுக்கு வேணும்னாலும் வர்றேம்மா. எழுதிக் குடுக்கறேன். ஆனா இந்த மிஷின படைச்ச பிறகு எரிச்சிடுங்க, இல்லன்னா அந்தக் கெணத்துலியே போட்டுடுங்க. அந்த சத்தத்த நான் இனிமே கேக்க முடியாதும்மா.

— எரிஞ்சது போதாதா கண்ணு? படைச்சத எரிக்க மாட்டாங்க. வேட்டி வச்சிப் படைச்சா, அந்த வயசு ஆம்பள ஒருத்தன் அத எடுத்துக் கட்டிக்கணும். இதுவும் அப்டித்தான். ஒருத்தன் எடுத்து ஓட்டணும். யாருன்னு தெரியாம தான் இத்தினி நாளு நான் முழிச்சிக்கினு இருந்தேன். இப்ப நீயே சொல்லிட்ட.

— நான் இன்னாம்மா சொன்னேன்?

— வெள்ளிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள வந்துடு கண்ணு. எலையாண்டேருந்து நீ தான் அத எடுக்கணும். 'சத்தத்த புடுங்குனவன் கையில குடும்மா'ன்னான், 'அது ஓடற வரைக்கும் நான் அவன் வூட்டுக்கு வெளியவே நின்னுக்கினு இருப்பேன், சத்தம் நின்னுச்சின்னா உள்ள போயிடுவேன்'னு.